கடப்பாரை வரும் பின்னே, கேமரா வரும் முன்னே

ஆட்டை வெட்டுவதற்கு முன்னால் அதை நிற்கவைத்து அழகாக ஒரு போட்டோ எடுத்து, சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவைக்கும் கசாப்புக்காரரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகர நிர்வாகம் அந்தக் காரியத்தைத்தான் செய்தது. ஊரையே பெயர்த்துப் போட்ட பெரிய மனிதர், பெயர்ப்பதற்கு முன் சந்து சந்தாகப் படம் எடுத்து வைக்கச் சொல்லி ஒரு போட்டோகிராபரை அமர்த்தினார். இடித்தவர் ஜார்ஜ் யூஜீன் ஹௌஸ்மான். எடுத்தவர் சார்ல் மார்வில். இருவருக்கும் மேலே, கையில் கலர் பென்சிலோடு, மூன்றாம் நெப்போலியன்.

கலர் பென்சில் என்று கிண்டலுக்குச் சொல்லவில்லை. முதலாம் நெப்போலியனின் தம்பி மகனான இவர், லண்டனில் அகதியாகக் காலம் தள்ளியபோது அங்கிருந்த பூங்காக்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர். ஊருக்குத் திரும்பி 1848-ல் ஜனாதிபதியானார். பதவிக்காலம் முடியப்போகிறதே என்ற கவலையில் 1851-ல் தான் தலைவராக இருந்த குடியரசைத் தானே கவிழ்த்தார். அடுத்த வருடமே பேரரசர். பேரரசரான பிறகு பொழுது போகவேண்டுமே? பாரிஸ் வரைபடத்தை விரித்துப் போட்டு, எங்கெங்கே புதுச் சாலை வேண்டுமோ அங்கெல்லாம் கோடு இழுத்தார். உடனே வேண்டியதற்கு ஒரு நிறம், ஆற அமரச் செய்யலாம் என்பதற்கு இன்னொரு நிறம். கோடு போகிற வழியில் யார் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் பென்சிலுக்குத் தெரியாது. 1853 ஜூனில் ஹௌஸ்மான் பிரீஃபெக்டாகப் பதவியேற்றதும் (கலெக்டர், மேயர், கமிஷனர் மூன்றையும் ஒரே கோட்டுக்குள் அடைத்த பதவி அது) அந்த வரைபடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

ஹௌஸ்மான் எப்படித் தேர்வானார் என்பது தனி வேடிக்கை. உள்துறை அமைச்சர் பெர்சினி பல ஊர் பிரீஃபெக்டுகளைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். ஹௌஸ்மான் தன் பெருமையைத் தானே விலாவாரியாக எடுத்துவிட்டார். தான் எந்தெந்த ஊரில் யார் யாரை எப்படி மடக்கினேன் என்று மூச்சு விடாமல் பேசினார். அமைச்சருக்கு ஆளை அப்படியே பிடித்துப்போயிற்று. நல்லவர் என்பதற்காக இல்லை. பாரிஸில் இருக்கும் நரிக்கூட்டத்துக்கு நடுவே இந்த முரட்டு விலங்கை அவிழ்த்துவிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டதாகப் பின்னாளில் அவரே எழுதிவைத்திருக்கிறார். வேலைக்கான நேர்காணலில் இதைவிட நேர்மையான காரணத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

இடிப்பதற்கு நியாயமான காரணம் இல்லாமல் இல்லை. 1832-ல் வந்த காலரா பாரிஸில் மட்டும் 18,000 பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. செய்ன் நதியில் சாக்கடை கலக்கும். அதே நதியிலிருந்து குடிக்கத் தண்ணீரும் வரும். மையப் பகுதியின் சந்துகளில் வெயில் என்பது மேல்மாடிக்காரர்களின் சொத்து. இன்னொரு காரணம் அரசாங்கத்துக்கு மட்டுமே நியாயமானது. பாரிஸ்காரர்களுக்குக் கோபம் வந்தால் கட்டில், பீரோ, கவிழ்த்த வண்டி, பெயர்த்த நடைபாதைக் கல் எல்லாம் தெருவுக்கு வந்து தடுப்பாக நின்றுவிடும். 1830-ல் ஒரு ராஜா அப்படிப் போனார், 1848-ல் இன்னொருவர் போனார். சின்னச் சந்தை அடைக்க இரண்டு கட்டில் போதும். நூறடிச் சாலையை அடைக்க ஒரு பேட்டை மொத்தமும் தரையில் படுக்கச் சம்மதிக்க வேண்டும். பீரங்கியும் அகலமான சாலையில்தான் சௌகரியமாகத் திரும்பும். இதைச் சுகாதாரம் என்ற தலைப்பின் கீழேயே கோப்பில் சேர்த்துவிட்டார்கள்.

17 வருடங்களில் சுமார் 20,000 வீடுகள் தரைமட்டம். அதைவிட அதிகமான வீடுகள் எழுந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பரோன் கோபித்துக்கொள்வார். (பரோன் பட்டமே தாய்வழித் தாத்தாவிடமிருந்து எடுத்து மாட்டிக்கொண்டதுதான்.) பட்சபாதம் பார்த்தார் என்று மட்டும் அவரைச் சொல்ல முடியாது: 1809-ல் தான் பிறந்த வீட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. பிறந்த வீட்டுப் பாசம் என்று நாம் சொல்லும் வஸ்து அவருடைய திட்ட வரைபடத்தில் எந்த நிறத்திலும் குறிக்கப்படவில்லை.

செலவு 250 கோடி பிராங்க். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இடிக்கிற வீடு இரண்டு விதமாகவும் தின்னும் என்பதை பாரிஸ் கருவூலம் கண்டுகொண்டது. இந்தக் கணக்குகளைப் பிரித்து மேய்ந்து ஜூல் ஃபெரி என்ற எதிர்க்கட்சி வக்கீல் 1868-ல் ஒரு சிறுநூல் போட்டார். ஹாஃப்மனின் விந்தைக் கதைகள் அப்போது பிரபலம். ஃபெரி தன் நூலுக்கு ‘ஹௌஸ்மானின் விந்தைக் கணக்குகள்’ என்று பெயர் வைத்தார். எந்தத் தெரு அடுத்து இடியும் என்று மோப்பம் பிடித்து, அந்தத் தெருவில் முன்கூட்டியே வீடு வாங்கிப் போட்டு, இழப்பீடு கேட்கும்போது ஓட்டைக் கடையை அரண்மனையாகக் கணக்குக் காட்டுவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. எமில் சோலாவின் ஒரு நாவலில் சக்கார் என்ற கதாநாயகனுக்கு இதுதான் பிழைப்பு. ஹௌஸ்மானின் மனைவியைப் பற்றியும் ஊரில் ஒரு நக்கல் உலவியது: அந்த அம்மா ஒரு விருந்தில், நாங்கள் எங்கே வீடு வாங்கினாலும் அங்கே சரியாக ஒரு சாலை வந்துவிடுகிறதே என்று அப்பாவியாக ஆச்சரியப்பட்டாராம். பொய்யாகவே இருக்கலாம். நல்ல வதந்திக்கு ரசீது கேட்கக் கூடாது.

இனி நம் போட்டோகிராபர்.

மார்வில் என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். 1813-ல் பாரிஸில் பிறந்தபோது வைத்தது சார்ல் ஃபிரான்சுவா போசு. போசு என்றால் கூனன். பள்ளிக்கூடத்தில் என்ன பாடு பட்டிருப்பார் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஓவியராகத் தொழில் தொடங்கும் வயது வந்ததும் முதல் வேலையாக அந்தப் பெயரைக் கழற்றிப் போட்டார். புத்தகங்களுக்குச் சித்திரம் வரைந்தார். 1850 வாக்கில், அச்சுத் தொழில் படுத்துக்கொண்டபோதோ என்னவோ, முப்பத்தேழு வயதில் கேமராவுக்கு மாறினார். மொட்டை மாடியில் நின்று மேகங்களைப் படம் பிடித்த ஆரம்பகாலக்காரர்களில் ஒருவர் அவர். அசையாமல் நிற்கச் சொன்னால் கேட்காத ஒரே வாடிக்கையாளர் மேகம்; அதைச் சமாளித்தவருக்குக் கட்டடம் எம்மாத்திரம்? 1862-ல் பாரிஸ் நகரத்தின் அதிகாரபூர்வ போட்டோகிராபர் என்ற பட்டம் கிடைத்தது. சில வருடங்களில் நகரத்தின் வரலாற்றுப் பணிகள் துறை, இடிபடப்போகும் தெருக்களைப் படமெடுக்கும் வேலையை அவரிடம் கொடுத்தது. மொத்தம் 425 படங்கள்.

அந்தக் காலத்துப் படமெடுப்பு என்றால் பாக்கெட்டிலிருந்து எடுத்து ‘க்ளிக்’ பண்ணுகிற சமாசாரம் இல்லை. வெடிமருந்துப் பஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்தால் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவம் கிடைக்கும். அதைக் கண்ணாடித் தட்டின் மேல் ஊற்றி, தோசைக்கல்லைச் சாய்ப்பதுபோல நாலு மூலைக்கும் ஓடவிட்டு, மிச்சத்தைப் புட்டிக்குள் வடித்துக்கொண்டு, இருட்டில் சில்வர் நைட்ரேட்டில் முக்கி, சொட்டச் சொட்டக் கேமராவில் பொருத்தவேண்டும். காய்வதற்குள் படமும் எடுத்து, மறுபடி இருட்டுக்கு ஓடிக் கழுவியும் முடிக்கவேண்டும். பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதித்தால் வேலை கெட்டது. ஆகவே இருட்டறையும் கூடாரமாகவோ வண்டியாகவோ கூடவே வரும். விரல்கள் கறுத்துப்போகும், உடுப்பெல்லாம் ஈதர் நாறும். இந்தக் கோலத்தில், கனத்த கண்ணாடித் தட்டுகளையும் ஆளுயர முக்காலியையும் தூக்கிக்கொண்டு ஒருவர் உங்கள் சந்துக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தெருவில் வேடிக்கை பார்த்திருப்பார்கள். நாலாவது தெருவுக்குள் விஷயம் பரவியிருக்கும்: இந்த ஆள் வந்துபோன இடத்துக்கு அடுத்து வருவது கடப்பாரை. எருமையில் வராத எமதூதர் என்று யாராவது பாட்டி வாசலில் நின்று அவரை ஏசியிருந்தால் அது படத்தில் பதிவாகியிருக்காது. ஏசும்போது தலை அசையுமே.

அசைந்தது எதுவும் பதியாது என்பதுதான் இந்தப் படங்களின் பெரிய வேடிக்கை. தட்டுக்கு ஒளி போதிய அளவு ஏறப் பல நொடிகள் வேண்டும். அதற்குள் நடந்துபோனவன், ஓடிய நாய், குதிரை வண்டி, தண்ணீர்க்காரன் எல்லோரும் மாயம். சுவரில் சாய்ந்து வேலை வெட்டி இல்லாமல் நின்றவன் மட்டும் வரலாற்றில் இடம்பிடித்தான். ஆக, ஐரோப்பாவிலேயே நெரிசல் மிகுந்த தெருக்கள் மார்விலின் படத்தில் ஊரடங்கு போட்டதுபோல் வெறிச்சோடிக் கிடக்கின்றன. இதைப் பார்த்துப் பின்னாளில் எழுதியவர்கள் தனிமை, மௌனம், பிரிவாற்றாமை என்று பக்கம் பக்கமாக உருகினார்கள். அது முழுக்க முழுக்க கொலோடியனின் குறைபாடு. அந்தக் கணத்தில் அந்தத் தெருவில் நின்றிருந்தால் உங்கள் கால்மேல் மூன்று பேர் ஏறியிருப்பார்கள்.

ஒரு படத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். நோத்ர்தாம் தேவாலயம் இருக்கும் தீவில் மார்மூசே தெரு. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர்கள் ஒன்றையொன்று விசாரிப்பதுபோல் நெருங்கி நிற்கின்றன. வானம் மேலே ஒரு வெள்ளைத் துண்டு, அவ்வளவுதான். இந்தத் தெருவுக்கு ஒரு பழங்கதை உண்டு. அங்கே அடுத்தடுத்து ஒரு முடிதிருத்துபவரும் ஒரு பலகாரக் கடைக்காரரும் இருந்தார்களாம். முடிவெட்ட உட்காரும் வெளியூர்க்காரர்களின் கழுத்தையும் முன்னவர் சேர்த்து வெட்டுவாராம். பின்னவர் சரக்கைப் பதமாக மாவுக்குள் பொதிந்து விற்பாராம். பலகாரம் ஊரெல்லாம் பேர்போனதாம். இடைக்காலத்திலிருந்து பாரிஸ் பாட்டிமார்கள் சொல்லிவந்த கதை. நகராட்சிக்கு இந்தக் கதை தெரியாமலா இருக்கும்? தீவில் ஆஸ்பத்திரியைப் பெரிதாகக் கட்டும் சாக்கில் தெருவே போய்விட்டது. கழுத்து வெட்டும் தெருவை இடித்துவிட்டு அங்கே ஆஸ்பத்திரி கட்டியதை நகரத் திட்டமிடல் என்றும் சொல்லலாம், பிராயச்சித்தம் என்றும் சொல்லலாம்.

இந்த வரிசைப் படங்களில் இன்னொரு பொது அம்சம், தெரு நடுவே ஓடும் சாக்கடை. மார்வில் கேமராவைத் தாழ்வாக வைத்து, அந்த ஈரத்தின் மேல் வெளிச்சம் விழுகிறபடி பார்த்துக்கொண்டார். கருங்கல் தரை வெள்ளித் தகடுபோல மின்னுகிறது. நகராட்சி என்ன எதிர்பார்த்திருக்கும்? பார்த்தீர்களா எவ்வளவு அசிங்கம், இதைத்தான் இடித்தோம் என்று காட்ட ஒரு குற்றப்பத்திரிகை. வந்து சேர்ந்ததோ, குற்றவாளிக்குக் கல்யாண மேக்கப் போட்ட மாதிரி ஒரு ஆல்பம். பழைய பாரிஸின் மேல் மார்விலுக்குக் காதல் என்கிறார்கள் ஒரு சாரார். இல்லை, அவர் ஹௌஸ்மானின் ஆள் என்கிறார்கள் மறு சாரார். என்னைக் கேட்டால், அவர் ஒழுங்கான அரசாங்க ஒப்பந்தக்காரர். பில் தொகை என்னவாக இருந்தாலும் ஈரக் கல்லை மங்கலாக எடுத்துக் கொடுக்க மனசு வராத ஜாதி. பியேவ்ர் என்ற ஓடையோரம் தோல் பதனிடும் பட்டறைகளையும் அவர் எடுத்திருக்கிறார். ஓவியம் தோற்றுப்போகும். அந்தத் துர்நாற்றத்தைக் கழித்துவிட்டுத் தந்ததற்காகவே கேமராவைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

ஒப்பந்தக்காரர் என்பதற்குச் சாட்சி வேறெங்கும் தேட வேண்டாம். இடிந்த ஊரை எடுத்த அதே கையால் புது ஊரின் சாமான்களையும் எடுத்தார். எரிவாயு விளக்குக் கம்பங்கள் மட்டுமே பல டஜன். ஒவ்வொன்றும் பட்டமளிப்பு விழாவுக்கு வந்த மாணவன்போல விறைப்பாக நிற்கிறது. அடுத்து, பொதுச் சிறுநீர்க் கழிப்பிடங்கள். ஒருவர் நிற்கிற மாடல், மூவருக்கான மாடல், அறுவருக்கான மாடல், ஸ்லேட் கல் பதித்தது, இரும்பு வேலைப்பாடு செய்தது. தேவாலயக் கோபுரத்துக்கு என்ன பொறுமை காட்டினாரோ அதே பொறுமை இங்கேயும். கவனியுங்கள், இவற்றிலும் ஆள் கிடையாது. இந்த இடத்தில் மட்டும் கொலோடியனுக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்தக் கழிப்பிடங்களை ஊருக்குள் பரப்பிய முந்தைய பிரீஃபெக்ட் ராம்புத்தோவின் பெயரையே மக்கள் அவற்றுக்குச் சூட்டிவிட்டார்கள். பதறிப்போன மனிதர், மூத்திரத்துக்கு வரி போட்ட ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் பெயர் இன்னும் பொருத்தமாக இருக்குமே என்று தள்ளிவிட்டார் என்பார்கள். அப்படித்தான் ‘வெஸ்பாசியேன்’ வந்தது. செத்து 1,700 வருடம் ஆன ஆள் மறுப்புத் தெரிவிக்க மாட்டார் அல்லவா?

ஹௌஸ்மானும் தன் பங்குக்கு ஒரு முரண்பாட்டைச் செய்துவைத்தார். ஊரை இடித்துக்கொண்டே, அந்த ஊரின் வரலாற்றுக்கு ஒரு மியூசியம் வேண்டும் என்று 1866-ல் கார்னவலே மாளிகையை நகரத்துக்காக வாங்கவைத்தார். இடித்த மாளிகைகளின் மரவேலைகளும் அலங்காரங்களும் அங்கே போய்ச் சேரத் தொடங்கின. தெருவை அழித்து, தெருவுக்கு ஒரு நினைவு மண்டபமும் கட்டி, இரண்டுக்கும் ஒரே கையெழுத்துப் போட்ட நிர்வாகி அபூர்வம்.

1870 ஜனவரியில் கடன் கணக்கு கழுத்தை நெரிக்க, பேரரசர் ஹௌஸ்மானை வீட்டுக்கு அனுப்பினார். (எந்த வீடு என்று கேட்காதீர்கள்.) எட்டு மாதம்கூட ஆகவில்லை, போரில் பிரஷ்யர்களிடம் பிடிபட்டுப் பேரரசரே வீட்டுக்குப் போகமுடியாத நிலை. அடுத்த வருடம் பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் கிளர்ச்சி. தெருத்தடுப்பு போடவே முடியாத அகலத்தில் போட்ட சாலைகளில் மக்கள் தாராளமாகத் தடுப்புப் போட்டார்கள். மே மாதக் கடைசி வாரத்தில் ராணுவம் உள்ளே புகுந்து ஆயிரக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொன்றது. அந்த நாட்களில் நகர மண்டபம் எரிந்து கூடானது. உள்ளே இருந்த நகர வரலாற்று நூலகமும், பாரிஸ்காரர்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளும் சாம்பல். அந்த நாட்களின் தீயில் அந்தக் கலர் பென்சில் வரைபடமும் போயிற்று. பிறகு மார்வில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, தனக்கு வேலை கொடுத்த அலுவலகத்தின் கருகிய சுவர்களை வழக்கமான நிதானத்தோடு எடுத்தார். எரிந்த நூலகத்துக்குப் பதிலாக ஜூல் கூசேன் என்ற நூலகர் தன் சொந்தப் புத்தகங்களையும் படங்களையும் நகரத்துக்குத் தூக்கிக் கொடுத்தார். இந்தக் கதையில் யாருடைய வீட்டையும் இடிக்காமல் ஏதோ ஒன்றைக் கட்டியவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

ஹௌஸ்மான் போனாலும் கோடுகள் ஓயவில்லை. ஒப்பேரா அவென்யூவுக்காக புட் தே மூலேன் என்ற மேட்டையே சீவித் தள்ளியபோது மார்வில் அங்கேயும் ஆஜர். மண்மேடு, கல் குவியல், அதன்மேல் எறும்புபோல வேலையாட்கள். 1878 உலகக் கண்காட்சியில் பழைய தெருப் படங்களையும் புதிய சாலைப் படங்களையும் நகரம் காட்சிக்கு வைத்தது. எண்ணெய் விளம்பரத்தில் வழுக்கைத் தலையையும் கூந்தல் தலையையும் காட்டும் அதே உத்தி. அடுத்த வருடம் மார்வில் இறந்தார்.

இறந்த பிறகு ஆளே தொலைந்தார். எப்போது செத்தார், எங்கே பிறந்தார், குடும்பம் என்ன என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ச்சியாளர்களுக்குப் பிடிபடவில்லை. 1871 தீயில் எல்லாம் எரிந்திருக்கும் என்று தீயின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்தார்கள். தீ நிரபராதி. 2013-ல் வாஷிங்டன் நேஷனல் கேலரியில் அவருக்குப் பெரிய கண்காட்சி நடந்த சமயத்தில்தான் விவரம் முழுசாக வெளியே வந்தது: மார்வில் என்ற பெயரை மனிதர் சட்டப்படி மாற்றவே இல்லை. அரசாங்கக் காகிதங்களில் அவர் கடைசிவரை போசு. எல்லோரும் மார்விலைத் தேடினார்கள். கூனன் பேசாமல் அலமாரியிலேயே உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பழக்கம் மற்ற ஊர்களுக்கும் தொற்றியது. கிளாஸ்கோ அதிகாரிகள் 1866-ல் பாரிஸ் போய் ஹௌஸ்மானின் வேலையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். இரண்டு வருடத்தில் தாமஸ் ஆனன் என்பவர் அங்கே சேரிச் சந்துகளில் முக்காலியை ஊன்றிவிட்டார். லண்டனில் ஆக்ஸ்ஃபோர்டு ஆர்ம்ஸ் என்ற பழைய சத்திரம் போகப்போகிறது என்று தெரிந்ததும் 1875-ல் ஒரு சங்கமே ஆரம்பித்து, 1886 வரை 120 படங்கள் வெளியிட்டார்கள். சத்திரத்தை அதனால் காப்பாற்ற முடியவில்லை. ஆங்கிலேயர்களுக்குச் சங்கம் ஆரம்பித்ததே பாதி வெற்றி.

பாரிஸிலேயே மார்விலின் வாரிசாக வந்தவர் எழேன் அத்ழே. நடிகராகத் தோற்று, கேமராவைத் தூக்கி, ஹௌஸ்மானின் கடப்பாரைக்குத் தப்பிய மூலை முடுக்குகளையெல்லாம் முப்பது வருடம் எடுத்தவர். 1920-ல் 2,600-க்கு மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்களை 10,000 பிராங்குக்கு அரசாங்கத்திடம் விற்றார். 1926-ல் சர்ரியலிஸ்டுகள் இவருடைய படங்களைத் தங்கள் பத்திரிகையில் போட ஆசைப்பட்டபோது, போட்டுக்கொள்ளுங்கள், என் பெயரை மட்டும் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாராம். தான் எடுப்பது கலை இல்லை, ஆவணம் என்பது அவருடைய கட்சி.

அதே ஆண்டுகளில் பாரிஸின் நடுவே இன்னோர் இடிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒப்பேரா பாசாழ் என்ற, கூரை போட்ட பழைய கடைத்தெருவைத் தட்டி நிரவினார்கள். எழுத்தாளர் லூயி அரகோன் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். எதற்கு இடித்தார்கள் என்றால், பல்லாண்டுகளாக அரைகுறையாக நின்றிருந்த ஒரு சாலையை முடிப்பதற்கு. சாலை 1927-ல் ஒருவழியாக முடிந்தது. அதன் பெயர் ஹௌஸ்மான் சாலை. பரோன் செத்து 36 வருடம் ஆகியிருந்தது; பெயர் மட்டும் இன்னும் வேலையை விடவில்லை.